கைக்குழந்தையோடு ஜெர்மனிக்கு... குடும்பமே கிளம்புகிறது, அம்மாவுக்கு என்ன திட்டம்?

கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீடு முழுக்கப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ‘அங்கே பனி கொட்டுமாமே, பிள்ளை தாங்குமா?’ என்று பாட்டி கவலைப்படுவார். ‘குக்கரும் இட்லித் தட்டும் மறக்காம எடுத்து வைம்மா’ என்று மாமியார் ஞாபகப்படுத்துவார். எத்தனை கிலோ லக்கேஜ், எந்த ஜாக்கெட், வாடகை எவ்வளவு என்று ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் மட்டும் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. ‘சரி, நீ அங்கே போய் என்ன செய்யப்போறே?’

இந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்காமல் விமானம் ஏறும் பெண்கள் நிறையப் பேர். மகப்பேறு விடுப்பின் 26 வாரங்கள் முடியும் நேரமும் கணவரின் வேலை உத்தரவு வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், ராஜினாமா கடிதம் தானாகவே தயாராகிவிடுகிறது. பிரசவித்த உடம்பு இன்னும் தேறியிருக்காது. அதற்குள் ஊர், மொழி, வேலை, அம்மா வீடு என எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்குவதைவிட இந்த மாற்றத்துக்குத் தயாராவதுதான் முக்கியம்.

அமெரிக்கா, சிங்கப்பூர், வளைகுடா என்று போய்க்கொண்டிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் இப்போது ஜெர்மனிக்கும் அதிகம் போகிறார்கள். பட்டம் பெற்ற வெளிநாட்டினருக்கான ‘ப்ளூ கார்டு’ திட்டம் அங்கே 2012-இல் வந்தது. இதில் மனைவிகளுக்கு இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. ப்ளூ கார்டில் செல்பவரின் மனைவி, விசாவுக்காக ஜெர்மன் மொழித் தேர்வு எழுதத் தேவையில்லை. தங்கும் அனுமதி கிடைத்ததும் அவரும் வேலைக்குப் போகலாம். அமெரிக்காவில் ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு இந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அங்கே வேலை அனுமதியே கேட்க முடியும். ஜெர்மனியில் சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. உள்ளே போகத் தேவையான மொழியையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் தேடிக்கொள்வதுதான் சவால்.

பெயரில் ஆரம்பிக்கும் சிக்கல்

முதல் வேலை குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பிறந்த 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘பேர் வைக்கிற ஃபங்ஷன் முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டால் பாஸ்போர்ட்டும் தள்ளிப்போகும். குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது இனிஷியல். கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அவருடைய அப்பா பெயர் இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். குழந்தையின் பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். ஊரில் யாருக்கும் இது விநோதமாகத் தெரியாது. ஜெர்மன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியாத புதிர். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்பதைக் காட்ட, திருமணப் பதிவுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாண ஆல்பமும் அதற்கு ஈடாகாது. எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்துவிட்டால், பிறகு அலைச்சல் குறையும்.

மனைவியின் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேலை அனுபவச் சான்றிதழ் ஆகியவை பரணில் தூங்கவிட வேண்டிய காகிதங்கள் அல்ல. ஒரிஜினல்களைக் கைப்பையிலேயே எடுத்துப் போக வேண்டும். இரண்டு வருடம் கழித்து வேலை தேடும்போது, ‘அம்மா, பீரோவுல அந்த ஃபைலைத் தேடிப் பாரும்மா’ என்று வீடியோ காலில் கெஞ்ச வேண்டியிருக்காது.

நெய் டப்பா போகாது, தேங்காய் போகும்

சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானத்தில் சுமார் 10 மணி நேரம். 2 வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றோர் மடியில் உட்கார்ந்து பயணிக்கலாம். முன்வரிசை இருக்கைக்கு எதிரே மாட்டும் குட்டித் தொட்டிலை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எடை வரம்பு உண்டு, ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால், குழந்தை விழுங்க விழுங்கக் காது அடைப்பு விலகும். பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தை உணவுக்கும் பாலுக்கும் 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு.

பெட்டி அடுக்கும்போதுதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுவரக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இந்தத் தடையில் வந்துவிடும். குழந்தைக்கான பால் பவுடருக்கும் உணவுக்கும் மட்டும் சலுகை இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி தேவைப்படாத, கம்பெனி பேக்கிங் பிரிக்காத பொருளாக 2 கிலோ வரை கொண்டுபோகலாம்.

2019 டிசம்பரிலிருந்து பச்சைத் தாவரப் பொருட்களுக்கும் கெடுபிடி. கறிவேப்பிலைக் கொத்துக்குக்கூடத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பால் கலக்காத வீட்டுச் சத்துமாவு, கேழ்வரகு மாவு போன்றவை பால் பொருள் தடையில் வராது.

முதல் இரண்டு வாரம்

ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்பார்கள். வீட்டு உரிமையாளர் எழுதிக்கொடுக்கும் உறுதிக் கடிதம் இதற்குத் தேவை. குழந்தையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு, கைக்குழந்தைக்கும்கூட ஒரு வரி அடையாள எண் தபாலில் வரும்! எல்லாமே தபாலில் வரும் நாடு அது. வாசல் தபால் பெட்டியில் குடும்பத்தினர் எல்லோருடைய பெயரும் ஒட்டியிருக்க வேண்டும். மனைவிக்குத் தனிக் குடும்பப் பெயர் என்றால் அதையும் ஒட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கணவர் வேலையில் சேரும்போதே எடுக்கும் முடிவு குடும்பம் முழுவதையும் பாதிக்கும். பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானம் இல்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் கூடுதல் கட்டணம் இல்லாமலே பாதுகாப்பு கிடைக்கும். தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டணம். தனியாளாக முன்பே போன கணவர், ‘மாசக் கட்டணம் கம்மியா இருக்கே’ என்று தனியார் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், குடும்பம் வந்தபின் கணக்கு தலைகீழாகும். திரும்பப் பொதுக் காப்பீட்டுக்கு மாறுவதும் சுலபமில்லை. இந்த ஒரு விஷயத்தை மனைவி முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குழந்தைக்கான அரசு உதவித்தொகை ‘கிண்டர்கெல்ட்’. 2025-இல் ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். தாமதமாக விண்ணப்பித்தால் முந்தைய 6 மாதத்துக்கு மட்டுமே தருவார்கள். குழந்தைக்கு 14 மாதம் ஆகும் முன்பே போய்ச் சேர்ந்தால், பெற்றோர் உதவித்தொகைக்கும் தகுதி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். வேலை பார்க்காத தாய்க்கும் அதில் குறைந்தபட்சத் தொகை உண்டு.

தடுப்பூசி அட்டையும் மஞ்சள் புத்தகமும்

ஜெர்மனியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மஞ்சள் நிறப் பரிசோதனைப் புத்தகம் கொடுப்பார்கள். பிறந்த உடனே செய்யும் ‘யு1’ முதல், 5 வயதையொட்டிச் செய்யும் ‘யு9’ வரை குறிப்பிட்ட வயதில் பரிசோதனை நடக்கும். 10 முதல் 12 மாதத்துக்குள் ‘யு6’ வரும். இந்தியாவில் பிறந்த குழந்தை இடையில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் குழந்தை மருத்துவர்களிடம் புதிய பதிவு கிடைப்பது பல ஊர்களில் கஷ்டம். போய் இறங்கிய வாரத்திலேயே தேட ஆரம்பிக்க வேண்டும். காய்ச்சல் வந்தபின் தேடுவது பெரும் பாடு.

கிளம்பும் முன் இங்கே பார்க்கும் டாக்டரிடம், போட்ட தடுப்பூசிகளின் முழுப்பெயர், தேதி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு நாட்டு அட்டவணையும் ஒன்றல்ல. இந்தியாவில் பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியை ஜெர்மனி 1998-லிருந்து பரிந்துரைப்பதில்லை. எனவே குழந்தையின் இடது தோளில் இருக்கும் தழும்பைப் பார்த்து, ‘இது என்ன?’ என்று அங்கே கேட்கலாம். தட்டம்மைக்கு இங்கே 9-ஆவது மாதத்தில் முதல் ஊசி, அங்கே 11-ஆவது மாதத்தில். குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க, தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான ஆதாரம் 2020 மார்ச்சிலிருந்து கட்டாயம்.

அவசரம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 112. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ டாக்டர் தேவைப்படும் நேரத்துக்கு 116117. இரண்டு எண்களும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் டயப்பர், பால் பவுடரைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

தூளி கட்ட முடியாத வீடு

வாடகை வீட்டு விட்டத்தில் கொக்கி இருக்காது, தூளி கட்ட முடியாது. குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி காட்டினால், படுக்கையறையில் சட்டப்படி மாட்டியிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டடமே கேட்கும்படி அலறும். குழந்தை மருத்துவரோ, ‘தலையணை வேண்டாம், போர்வை வேண்டாம். உறங்கும் பையில் போட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். அறை சூடாக இருக்கக் கூடாது’ என்பார். வீடியோ காலில் இதைப் பார்க்கும் பாட்டிக்கு மனசு கேட்காது. ‘பச்சப்புள்ளைய இப்படியா குளிருல போடுவாங்க?’ என்பார்.

இரண்டு பக்க அறிவுரைக்கும் நடுவில் அல்லாடுவது இளம் தாய்தான். இதில் ஒரு நிதானம் தேவை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தாலாட்டு, கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம் இதெல்லாம் எந்த நாட்டிலும் தொடரலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது, கண்ணுக்குள் மை தீட்டுவது போன்றவற்றை இந்திய டாக்டர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். வெயில் குறைந்த நாடு என்பதால், முதல் வருடம் தினமும் வைட்டமின் டி கொடுக்கச் சொல்வார்கள். அதை மறக்கக் கூடாது.

ராத்திரி குழந்தை அழுதால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டிய நாடுதான். ஆனால் கைக்குழந்தையின் அழுகையை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அங்குள்ள நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. குடிவந்த முதல் வாரத்தில் ஒரு பெட்டி சாக்லேட்டோடு மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, ‘எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நாலரை மணிக்கே இருட்டு

டிசம்பரில் பிராங்க்ஃபர்ட்டில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கணவர் காலையில் கிளம்பினால் இருட்டியபின்தான் வருவார். நாள் முழுக்கப் பெரியவர்கள் யாரோடும் பேசாத நாட்கள் வரும். இந்திய நேரம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால் ஓடும். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அம்மாவிடம் பேசலாம் என்று போனை எடுக்கும்போது, அங்கே எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாத அழுகை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராதது, குழந்தையைப் பார்த்தால் எந்த உணர்வும் எழாதது, ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற நினைப்பு... இவை சோம்பேறித்தனமோ ‘ஊர் ஞாபகமோ’ அல்ல. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள். பக்கத்தில் அம்மாவும் அக்காவும் இல்லாத நாட்டில், இவற்றைக் கவனிக்க வேண்டிய முதல் ஆள் கணவர். ‘எல்லாரும் பிள்ளை வளர்க்கலையா?’ என்று அவர் கேட்டுவிட்டால், அவளுக்குச் சொல்லி அழ அந்த ஊரில் வேறு யாருமே இல்லை.

குழந்தையோடு வெளியே போய்விடுவது நல்ல மருந்து. பெரும்பாலான ஊர்களில் தவழும் குழந்தைகளுக்கும் அம்மாக்களுக்குமான குழுக்கள் வாரம் ஒருமுறை கூடும். மொழி தெரியாவிட்டாலும் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் தூக்கமில்லாத அம்மாதான். தள்ளுவண்டியோடு பஸ்ஸின் நடுக்கதவில் ஏறலாம். படிக்கட்டில் தடுமாறினால் யாராவது ஒருவர் கேட்காமலே வந்து பிடிப்பார்.

பாட்டி தாத்தாவை அழைத்து வரலாம். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க முடியும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். போன உடனே அழைப்பதைவிட, முதல் குளிர்காலத்திலோ மனைவி மொழி வகுப்பில் சேரும்போதோ அழைத்தால் அந்த மூன்று மாதமும் உண்மையிலேயே உதவும்.

அவள் பெயரில் என்ன இருக்கிறது?

விசா கணவரின் வேலையைச் சார்ந்தது. வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில். சம்பளம் அவர் கணக்கில். இவற்றுக்கு நடுவே மனைவி தன் பெயரிலும் சில விஷயங்களை வைத்திருக்க வேண்டும். இது சந்தேகத்தால் அல்ல, முன்யோசனையால்.

சட்டப்படி அங்கே வசிக்கும் யாருக்கும் அடிப்படை வங்கிக் கணக்குத் தொடங்கும் உரிமை உண்டு. தன் பெயரில் ஒரு கணக்கு, அதில் மாதாமாதம் ஒரு தொகை என்று முதல் மாதமே கணவரோடு பேசி முடித்துக்கொள்ளலாம். இந்தியாவில் இருக்கும் சேமிப்புக் கணக்கை மூட வேண்டியதில்லை, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் தன் கையில் இருக்க வேண்டும்.

வீட்டில் குழந்தை வளர்ப்பதையும் ஜெர்மன் ஓய்வூதியச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்நாட்டில் குழந்தையை வளர்க்கும் பெற்றோரில் ஒருவருக்கு, குழந்தையின் முதல் 3 வயது வரையிலான காலம் ஓய்வூதியப் பங்களிப்பாகக் கணக்கிடப்படும். வேலைக்குப் போகாத தாய் ‘சும்மா’ இருப்பதாக அந்தச் சட்டம் நினைப்பதில்லை!

மண வாழ்க்கையில் விரிசல் வந்தால்? ஜெர்மனியில் கணவரோடு 3 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த மனைவி, பிரிந்த பிறகும் தன் பெயரிலேயே தங்கும் அனுமதி கேட்கலாம். வீட்டு வன்முறை போன்ற கொடுமை இருந்தால் 3 ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான இலவச உதவி எண் 116016. 24 மணி நேரமும், பல மொழிகளில் இயங்குகிறது. ‘விசா போயிடும்’ என்ற மிரட்டலுக்குப் பயந்து யாரும் அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மொழி, காப்பகம், வேலை... இந்த வரிசைதான்

குழந்தைக் காப்பகத்தை அங்கே ‘கீட்டா’ என்பார்கள். ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் பல நகரங்களில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். வீட்டு முகவரி உறுதியானதும் விண்ணப்பித்துவிடுவது நல்லது. வீட்டிலேயே சில குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் பதிவுபெற்ற பராமரிப்பாளர்களும் இருக்கிறார்கள். இடம் கிடைத்ததும் குழந்தையை விட்டுவிட்டு அன்றே வேலைக்கு ஓட முடியாது. முதலில் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, குழந்தை பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் விடுப்பு எடுப்பது யார் என்பதையும் கணவன் மனைவி முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

மொழியை ஊரிலேயே தொடங்கிவிடலாம். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்புகள் உண்டு. டாய்ச்சே வெல்லே நிறுவனத்தின் இலவச ஆன்லைன் பாடங்களைக் குழந்தை தூங்கும் நேரத்தில் பார்க்கலாம். அங்கே போனபின் அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் பொதுவாக 600 பாடவேளை மொழியும், 100 பாடவேளை நாட்டின் சட்டம், வரலாறு, பண்பாடும் சொல்லித்தருகிறார்கள். ஐ.டி. வேலைக்கு ஆங்கிலம் மட்டுமே போதும் என்ற இடங்கள் உண்டு. ஆசிரியர், நர்ஸ், டாக்டர் போன்ற பணிகளுக்கு மொழித் தேர்ச்சியோடு இந்தியப் பட்டத்துக்கு அங்கே அங்கீகாரமும் பெற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ‘குழந்தை கொஞ்சம் வளரட்டும்’ என்று காத்திருக்காமல் விண்ணப்பத்தை முன்பே போட்டுவிடலாம்.

வீட்டில் குழந்தையிடம் தமிழிலேயே பேசலாம். ஜெர்மன் மொழி காப்பகத்தில் தானாக வந்துவிடும். 1980-களில் போருக்குத் தப்பி ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள், அங்கே ஊர் ஊராக வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவருகிறார்கள். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. அந்தத் தலைமுறைத் தாய்மார்களிடம் ப்ளூ கார்டும் இல்லை, வீடியோ காலும் இல்லை. கைக்குழந்தையோடு வந்து, மொழி கற்று, வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். புதிதாகப் போகும் பெண்ணுக்கு, ‘எந்தக் கடையில முருங்கைக்கீரை கிடைக்கும், எந்த டாக்டர் பொறுமையா பேசுவார்’ என்று சொல்லித்தர அந்த அக்காக்களைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கஷ்டம்.

டிக்கெட் போடும் முன் கணவனும் மனைவியும் ஒரு மாலை உட்கார்ந்து நாலு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளட்டும். அவள் மொழி வகுப்புக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? அவள் கணக்கில் மாதம் எவ்வளவு? எத்தனை மாதம் கழித்து அவள் வேலை தேடத் தொடங்குவாள்? இரண்டு வருடம் கழித்தும் அவளுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? நாலாவது கேள்விக்கு ‘திரும்பி வந்துடலாம்’ என்பதும் ஒரு நல்ல விடைதான். அதைக் கணவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பெட்டி எத்தனை கிலோ இருந்தாலும் அவளுக்குப் பாரமாகத் தெரியாது.